ரெவ் லிமிட்டர் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது? மேனுவல் கியர் காரில் எஞ்சின் வேக வரம்பு

கேள்வி இதுதான்: எஞ்சின் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரில் நிமிடத்துக்கு 6,500 சுற்றில் சிவப்புக் கோடு தொடங்குகிறது, வேகம் வரம்பைத் தாண்டாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டரும் காரில் இருக்கிறது, அப்படியிருக்க, ஓடும்போது தவறான கியரைப் போட்டால் எஞ்சினே போய்விடும் என்று ஏன் எச்சரிக்கிறார்கள், அதை லிமிட்டர் பார்த்துக்கொள்ளாதா?

பார்த்துக்கொள்ளாது. எஞ்சினுக்குப் போகும் எரிபொருளை நிறுத்துவது மட்டுமே லிமிட்டரால் ஆகும் காரியம். சுழன்றுகொண்டிருக்கும் கிராங்க் ஷாஃப்டை, அதாவது எஞ்சினின் மையத் தண்டை, பிடித்து நிறுத்தும் வலு அதற்குக் கிடையாது. எஞ்சின் தன் சொந்த எரிபொருளால் வேகமெடுக்கும்போது அது காப்பாற்றும். சக்கரங்கள் கியர்பாக்ஸ் வழியாக எஞ்சினைச் சுழற்றும்போது, எரிபொருள் ஏற்கெனவே நின்றுபோன நிலையில், அது செய்வதற்கு வேறொன்றும் மீதமில்லை. மேனுவல் கியர் காரில் இந்த இரண்டாவது நிலைமை ஓட்டுநரின் கைக்கு எட்டும் தொலைவிலேயே இருப்பதால்தான் அந்த எச்சரிக்கை. இதைப் புரிந்துகொள்ள, வரம்பு என்ற ஒன்று எதற்காக வைக்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

பிஸ்டன் சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முழுமையாக நின்று திசை மாறுகிறது. மேல்முனையில் அதை நிறுத்தி மறுபடி கீழே இழுப்பது, அதைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் வேலை. அந்த இழுவிசை எஞ்சின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது, அதாவது வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. 86 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் தூரம்) கொண்ட சாதாரண இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம்; பிஸ்டன், பின், வளையங்கள் எல்லாம் சேர்ந்து 400 கிராம் என்றும், கனெக்டிங் ராடின் நீளம் ஸ்ட்ரோக்கில் பாதியைப் போல மூன்றேகால் மடங்குக்குச் சற்றுக் கூடுதல் என்றும் கொள்வோம். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் மேல்முனையில் ராடின் மீது விழும் இழுவிசை ஏறத்தாழ 225 கிலோ எடைக்குச் சமம். 6,500 சுற்றில் அது ஒரு டன்னைத் தாண்டுகிறது. 8,500 சுற்றில் 1.8 டன் ஆகிறது. 400 கிராம் உலோகத் துண்டு ஒன்று விநாடிக்கு நூற்று நாற்பது முறை இந்த விசையோடு ராடையும் அதன் அடிமூடியைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளையும் இழுக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், 6,500-க்கும் 8,500-க்கும் இடையே உள்ள வேறுபாடு டேக்கோமீட்டர் முள்ளின் சிறு நகர்வு அல்ல என்பது விளங்கும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. எரிதல் நடக்கும் மேல்முனையில், அழுத்தமேறிய வாயு பிஸ்டனைக் கீழ்நோக்கித் தள்ளுவதால், ராடின் மீதுள்ள இழுவிசையின் ஒரு பகுதி ஈடுகட்டப்படுகிறது. புகை வெளியேறி முடியும் மற்றொரு மேல்முனையில் அப்படி எந்த உதவியும் இல்லை. முழு இழுவிசையும் ராடுக்கும் போல்ட்டுக்கும்தான். ஆகவே ராடை இழுத்து அறுப்பது எரிபொருளின் வெடிப்பு அல்ல, வெறும் வேகமே. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட்டாலும், எரிபொருள் ஒரு துளிகூடச் செல்லாவிட்டாலும், வேகம் மிகுந்திருக்கும்வரை இந்த ஆபத்து அப்படியே இருக்கும். தவறான கியர் விவகாரத்தின் மூலக்காரணம் இங்கேதான் இருக்கிறது.

எந்த எஞ்சின் எவ்வளவு சுழலலாம் என்பதற்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் எளிய அளவுகோல் பிஸ்டனின் சராசரி வேகம். ஸ்ட்ரோக்கை இரண்டால் பெருக்கி, ஒரு விநாடிக்கான சுற்றுகளால் பெருக்கினால் அது கிடைத்துவிடும். மேலே சொன்ன எஞ்சினுக்கு 6,500 சுற்றில் இது விநாடிக்கு 18.6 மீட்டர். ஹோண்டா எஸ்2000 காரின் முதல் இரண்டு லிட்டர் எஞ்சினுக்கு ஸ்ட்ரோக் 84 மில்லிமீட்டர், வரம்பு 9,000 சுற்று. கணக்குப் போட்டால் 25.2 மீட்டர். பின்னர் அதே எஞ்சினை 2.2 லிட்டராக்க ஸ்ட்ரோக்கை 90.7 மில்லிமீட்டராக நீட்டியபோது, சிவப்புக் கோட்டை 8,000-க்கு இறக்கினார்கள். கார்டன் மர்ரே டி.50 என்ற ஆறு கியர் மேனுவல் கார் 12,100 சுற்றுவரை போகிறது; கேட்டவுடன் நம்ப முடியாத எண். ஆனால் அதன் ஸ்ட்ரோக் வெறும் 63.8 மில்லிமீட்டர் என்பதால் பிஸ்டனின் சராசரி வேகம் 25.7 மீட்டர்தான், ஹோண்டாவை ஒட்டிய அளவு. ஃபார்முலா 1 பந்தயத்தில் 2009 முதல் 2013 வரை 18,000 சுற்று என்ற விதிக்கு உட்பட்டு ஓடிய 2.4 லிட்டர் வி8 எஞ்சின்களும், ஸ்ட்ரோக் 40 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதால், 24 மீட்டரை ஒட்டியே நின்றன. சுற்றுகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மாறினாலும் பிஸ்டன் வேகம் ஒரு குறுகிய எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுவது தற்செயல் அன்று. உலோகங்களும் எண்ணெய்ப் படலமும் தாங்கும் அளவு எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பிஸ்டனுக்கு முன்பே, சிலிண்டருக்குள் காற்றை விட்டுப் புகையை வெளியேற்றும் வால்வுகள் திணறத் தொடங்கும் எஞ்சின்களும் ஏராளம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை திறந்து மூடுகிறது. 6,000 சுற்றில் விநாடிக்கு 50 முறை. திறப்பது கேம் ஷாஃப்டின் மேடு, மூடுவது ஸ்பிரிங். கேம் தள்ளுவதற்கு வரம்பு இல்லை, ஆனால் ஸ்பிரிங்கின் வலு மாறாத அளவுடையது. வேகம் ஒரு கட்டத்தைத் தாண்டியதும், வால்வைக் கேமின் மேற்பரப்போடு ஒட்டவைத்திருக்க ஸ்பிரிங்கால் முடியாமல் போகிறது. வால்வு கேமைவிட்டுப் பிரிந்து, மூட வேண்டிய நேரத்துக்குப் பின்னரே இருக்கையில் வந்து மோதி, எம்பி, மறுபடி மோதுகிறது. வால்வு மிதத்தல் என்று சொல்லப்படுவது இதுவே. முதலில் சக்தி குறையும், எஞ்சின் கரகரக்கும். இன்றைய எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்துகின்றன. வால்வு தாமதித்தால் மேலே வரும் பிஸ்டன் அதன் தலையில் மோதும். வளைந்த வால்வோடு ஓடிக்கொண்டிருந்தால் அதன் தலை உடைந்து சிலிண்டருக்குள் விழுவதும் உண்டு. இந்தத் தடையைத் தாண்டவே டுகாட்டி மோட்டார்சைக்கிள்களில் வால்வை மூடுவதற்கும் ஒரு கேமை வைத்தார்கள். ரெனோ 1986-இல் ஃபார்முலா 1 எஞ்சினில் உலோக ஸ்பிரிங்குக்குப் பதிலாக அழுத்தமேற்றிய வாயுவைக் கொண்டுவந்தது. சாலையில் ஓடும் கார்களில் உலோக ஸ்பிரிங்தான், ஆகவே வரம்பும் பெரும்பாலும் அதைச் சார்ந்ததுதான். எண்ணெய்ப் பம்ப் நுரைத்துப்போவது, டைமிங் செயின் அலைவது, பெல்ட்டில் ஓடும் துணைக் கருவிகள் தங்கள் எல்லையை மீறுவது என்று இன்னும் சில காரணங்கள் உண்டு. அவை இரண்டாம் நிலைக் காரணங்கள்.

இனி லிமிட்டர். கிராங்க் ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் பல்சக்கரம் ஒன்றின் எதிரே ஒரு சென்சார் இருக்கும். பரவலாகக் காணப்படும் அமைப்பில் 60 பற்களுக்கு இடம் வகுத்து, அதில் இரண்டை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். அந்த வெற்றிடத்தைக் கொண்டு கிராங்க் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதையும், பற்கள் கடக்கும் இடைவெளியைக் கொண்டு வேகத்தையும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி அறிகிறது. 6,000 சுற்றில் ஒரு பல் கடக்கும் நேரம் ஒரு மில்லிவிநாடியில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே. எனவே வேகம் வரம்பை நெருங்குவது கணினிக்கு உடனுக்குடன் தெரிந்துவிடும். எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள கார்களில் அது முதலில் காற்றுவழியைச் சிறிது சிறிதாக மூடி வேகத்தை மெல்ல அடக்கும்; அதையும் மீறினால் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களை நிறுத்தும். உதாரணமாக 6,500-இல் எரிபொருளை நிறுத்தி, 6,400-க்கு இறங்கியதும் திரும்ப அளிக்கும்படி வைத்திருப்பார்கள். இந்த இடைவெளியில் வேகம் ஏறி இறங்கி ஏறுவதால்தான் லிமிட்டரைத் தொட்ட எஞ்சின் திக்குவது போன்ற அந்த ஓசையை எழுப்புகிறது. சில சிலிண்டர்களுக்கு மட்டும் மாற்றி மாற்றி எரிபொருளை நிறுத்தும் கணினிகளில் இந்தத் திக்கல் மென்மையாக இருக்கும்.

தீப்பொறியை நிறுத்தினாலும் எஞ்சின் அடங்கும். பந்தயக் கார்களில் அப்படிச் செய்வதும் உண்டு. ஆனால் எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் சேர்ந்து, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும் என்பதால், சாலைக் கார்களில் எரிபொருளை நிறுத்துவதே வழக்கம். கார்புரேட்டர் காலத்தில் அந்தக் கவலை இல்லை. 1960-களின் லோட்டஸ் எலான், தொடக்ககாலப் போர்ஷே 911 போன்றவற்றில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரிலேயே ஒரு சிறு எடையும் ஸ்பிரிங்கும் இருந்தன. வேகம் மிகும்போது எடை வெளிப்புறமாக நகர்ந்து, ஸ்பார்க் பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரத்தை இடைமறித்துவிடும். கணினியே இல்லாத, மிக நேர்த்தியான ஏற்பாடு. ஸ்பிரிங் தளர்ந்தால் வரம்பு தானாக இறங்கிவிடும் என்பது அதன் குறை.

சிவப்புக் கோடும் லிமிட்டரும் ஒன்றல்ல. சிவப்புக் கோடு ஓட்டுநருக்கான அறிவிப்பு. லிமிட்டர் கணினிக்கான கட்டளை. இரண்டும் ஒரே எண்ணில் இருக்கலாம், அல்லது லிமிட்டர் சில நூறு சுற்று மேலே இருக்கலாம். இரண்டுக்கும் அப்பால், எஞ்சின் உண்மையில் சேதமடையத் தொடங்கும் வேகம் ஒன்று உண்டு. அதைத் தயாரிப்பாளர் வெளியில் சொல்வதில்லை, இரண்டு எஞ்சின்களுக்கு அது ஒரே எண்ணாக இருப்பதும் இல்லை. டேக்கோமீட்டர் முள் எப்போதும் சற்றுப் பின்தங்கியே வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். லெக்சஸ் எல்எஃப்ஏ காரின் எஞ்சின் 0.6 விநாடியில் 9,000 சுற்றை எட்டிவிடும். முள்ளால் அந்த வேகத்தைப் பின்தொடர முடியாது என்பதாலேயே அதற்குத் திரையில் வரையும் டேக்கோமீட்டரைப் பொருத்தினார்கள்.

குளிர்ந்த எஞ்சினுக்கு வரம்பு இன்னும் கீழே இருக்க வேண்டும். எண்ணெய் கெட்டியாக இருக்கிறது. பிஸ்டனும் சிலிண்டரும் ஒரே அளவில் விரிந்திருக்கவில்லை. பிஎம்டபிள்யூவின் ஈ46 எம்3 காரில் டேக்கோமீட்டரைச் சுற்றி ஆரஞ்சு விளக்குகள் எரியும். எண்ணெய் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணைந்து, பயன்படுத்தத்தக்க வேகம் உயர்வதைக் காட்டும். இப்படிக் காட்டாத கார்களிலும் குளிர்நிலையில் லிமிட்டரை இறக்கிவைக்கும் மென்பொருள் இருக்கக்கூடும். கார் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சுமார் 4,000 சுற்றுக்கு மேல் ஏறவிடாத கார்களும் இருக்கின்றன. அது பழுது அல்ல.

இப்போது கியர்பாக்ஸுக்கு வருவோம். கிளட்ச் மிதியிலிருந்து காலை எடுத்து, கிளட்ச் முழுவதும் பிடித்திருக்கும்போது எஞ்சின் வேகத்தைத் தீர்மானிப்பது ஆக்சிலரேட்டர் அல்ல. காரின் வேகமும் கியர் விகிதமும்தான். ஒரு கற்பனைக் காரை வைத்துக் கணக்கிடுவோம்: சக்கரத்தின் சுற்றளவு 1.95 மீட்டர், இறுதி விகிதம் (கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள மாறாத பற்சக்கர விகிதம்) 4.1, கியர் விகிதங்கள் முறையே 3.55, 1.95, 1.30, 0.97, 0.78. மணிக்கு 120 கிலோமீட்டரில் ஐந்தாம் கியரில் எஞ்சின் 3,280 சுற்றில் ஓடும். அதே வேகத்தில் நான்காம் கியரில் 4,080, மூன்றாம் கியரில் 5,470. இதுவரை எல்லாம் பாதுகாப்பானவை. இரண்டாம் கியரில் 8,200. முதல் கியரில் ஏறக்குறைய 14,900. எஞ்சின் அந்த வேகத்துக்குப் போக விரும்புகிறதா இல்லையா என்று யாரும் அதைக் கேட்கப்போவதில்லை. கிளட்ச் பிடித்தவுடன் பற்சக்கரங்களின் கணக்குப்படி அது சுழன்றாக வேண்டும்.

மேலே ஏற்றும்போது நடக்கும் தவறு இதைவிட மோசம், ஏனெனில் அப்போது எஞ்சின் ஏற்கெனவே வரம்பை ஒட்டி இருக்கும். மேற்படி காரில் மணிக்கு 140 கிலோமீட்டரில் மூன்றாம் கியரில் எஞ்சின் 6,380 சுற்றில் இருக்கிறது. நான்காம் கியருக்கு லீவரை நேர்கீழாக இழுக்க வேண்டும். இழுத்தால் வேகம் 4,760-க்கு இறங்கும். அவசரத்தில் கை சற்று இடப்பக்கம் சாய்ந்து, லீவர் இரண்டாம் கியரில் விழுந்து கிளட்சையும் விட்டுவிட்டால், 6,380 என்பது 9,570 ஆகிறது. வரம்பைவிட 47 சதவீதம் கூடுதல். வர்க்கக் கணக்குப்படி ராடின் மீதான விசை 6,500 சுற்றில் இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். லிமிட்டர் என்ன செய்கிறது? 6,500-ஐத் தாண்டியதுமே எரிபொருளை நிறுத்திவிடுகிறது. தன் கடமையைப் பிழையில்லாமல் செய்துவிடுகிறது. எஞ்சின் உடைகிறது.

எரிபொருள் இல்லாமல் எஞ்சினை அந்த வேகத்துக்குச் சுழற்றும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். 1,300 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 140 கிலோமீட்டரில் செல்லும்போது அதனிடம் ஏறத்தாழ 980 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. எஞ்சினின் சுழலும் பாகங்களை 6,380-இலிருந்து 9,570-க்கு உயர்த்த, அவற்றின் நிலைமத் திருப்புத்திறன் 0.2 கிலோகிராம்-சதுரமீட்டர் என்று கொண்டால், சுமார் 55 கிலோஜூல் போதும். அதாவது காரின் வேகம் மூன்று சதவீதம்கூடக் குறையத் தேவையில்லை. எஞ்சினின் உராய்வும் கிளட்ச் வழுக்கலும் கொஞ்சம் தின்னும் என்றாலும், முடிவு மாறுவதில்லை. இழுபறியில் ஒரு பக்கம் முழுக் காரும் மறுபக்கம் எஞ்சினோடு சுழலும் கனச் சக்கரமான ஒரு ஃப்ளைவீலும் இருந்தால் வெல்வது யார் என்பதில் ஐயமில்லை. ஈரச் சாலையில் டயர் வழுக்கி எஞ்சின் தப்பித்த நிகழ்வுகள் உண்டு, ஆனால் அப்போது கார் சுழன்றுவிடும். அதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

சிங்க்ரோனைசர் தடுக்காதா என்பது அடுத்து எழும் கேள்வி. சிங்க்ரோனைசரின் வேலை, கிளட்ச் அழுத்தப்பட்டிருக்கும்போது கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டையும் கிளட்ச் தட்டையும் புதிய கியருக்கு ஏற்ற வேகத்துக்குக் கொண்டுவருவது. எஞ்சின் அப்போது துண்டிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே எஞ்சினின் வரம்பு என்ன என்பது சிங்க்ரோனைசருக்குத் தெரியவே தெரியாது. வேக வேறுபாடு மிக அதிகமாக இருந்தால் லீவர் உள்ளே போக மறுக்கும், கை அதை உணரும். அந்த எதிர்ப்பு மதிக்கத்தக்க எச்சரிக்கை. மூன்றிலிருந்து இரண்டுக்கான வேறுபாடு ஒன்றரை மடங்கு மட்டுமே என்பதால், ஆரோக்கியமான சிங்க்ரோனைசர் அதை எளிதாகச் சமன்செய்து, கியரை வெண்ணெய்போல ஏற்றுக்கொண்டுவிடும். நல்ல கியர்பாக்ஸில்தான் இந்தத் தவறு சுலபம் என்பது ஒரு விசித்திரம். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டுகள் தேய்ந்த கார்களில், முழு விசையில் எஞ்சினே ஆடி, லீவரின் பாதையையும் இலேசாக நகர்த்திவிடும். நிதானமாக ஓட்டும்போது ஒருமுறைகூடத் தவறாத கை, வேகமெடுக்கும்போது தவறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிளட்ச் மிதியை விடாமல் அழுத்திக்கொண்டால் எஞ்சின் தப்பிக்கும் என்பது உண்மை, ஆனால் கிளட்ச் தட்டு தப்பிக்கும் என்று சொல்ல முடியாது. கியர் விழுந்துவிட்ட நிலையில் தட்டு சக்கரங்களோடு இணைந்தே சுழல்கிறது. மணிக்கு 120 கிலோமீட்டரில் முதல் கியரில் லீவரை வலிந்து திணித்துவிட்டு, கிளட்சை அழுத்தியபடி கார் உருண்டால், மேலே கண்ட 14,900 சுற்றில் தட்டு சுழலும். அதன் உராய்வுப் பட்டைகள் மையவிலக்கு விசையால் பிய்ந்து சிதறக்கூடும். கியர்பாக்ஸ் உறையையே உடைத்து வெளியே வந்த துண்டுகளும் உண்டு. இறக்கத்தில் கீழ் கியரில் போட்டுக் கிளட்சை அழுத்திக்கொண்டு உருளும் பழக்கம் கனரக வண்டிகளில் கடுமையாகத் தடுக்கப்படுவதற்கு, பிரேக்குக்கு எஞ்சினின் துணை இல்லாமல் போவது முதற்காரணம். இது இன்னொரு காரணம்.

கியரே மாற்றாமலும் வரம்பைத் தாண்டலாம். செங்குத்தான இறக்கத்தில் இரண்டாம் கியரில் கார் இறங்கும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்டு எரிபொருளும் நின்றிருக்கும். எஞ்சின் காரைத் தடுக்கும் இழுவையைத் தருகிறது. அந்த இழுவையைவிடப் புவியீர்ப்பு வலுவானதாக இருந்தால் வேகம் மெல்ல ஏறிக்கொண்டே போய்ச் சிவப்புக் கோட்டைக் கடக்கும். லிமிட்டர் நிறுத்துவதற்கு எரிபொருளே அங்கு இல்லை. இங்கே காக்கக்கூடியது கால் பிரேக் மட்டும்தான்.

தானியங்கி கியர்பாக்ஸும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸும் இந்த விபத்திலிருந்து விலகி நிற்பதற்குக் காரணம், அவற்றில் லீவரோ, ஸ்டீயரிங்குக்குப் பின்னாலுள்ள கியர் துடுப்போ ஒரு வேண்டுகோளை மட்டுமே அனுப்புகிறது. கியர்பாக்ஸ் கணினி எஞ்சின் வேகத்தைக் கணக்கிட்டு, வரம்பு மீறும் என்றால் மறுத்துவிடுகிறது. மேனுவலில் லீவர் கம்பிகள், தண்டுகள் வழியாக நேரடியாகப் பற்சக்கரத்தை நகர்த்துகிறது. இடையே மறுப்பதற்கு யாரும் இல்லை. 2009-ஆம் ஆண்டு மாடலாக வந்த நிசான் 370இசட், கியர் இறக்கும்போது எஞ்சின் வேகத்தைத் தானே உயர்த்திப் பொருத்தும் வசதியை மேனுவல் காரில் கொண்டுவந்தது. பிறகு வேறு தயாரிப்பாளர்களும் பின்பற்றினார்கள். அது மாற்றத்தை மென்மையாக்கும் வசதி. தவறான கியரில் லீவர் நுழைவதை அதனால் தடுக்க முடியாது.

மேனுவல் ஓட்டுபவர் தன் காருக்கு ஒருமுறை கணக்கிட்டு மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை, ஒவ்வொரு கியரிலும் சிவப்புக் கோட்டைத் தொடும் சாலை வேகங்கள். மேற்படி காரில் அவை முதல் கியருக்கு 52, இரண்டாவதற்கு 95, மூன்றாவதற்கு 142 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு மேலே அந்தக் கியர் இல்லை என்றே கருத வேண்டும். லீவரை முழங்கையால் இழுக்காமல், உள்ளங்கையை வைத்து இலேசாக வழிநடத்தினால், நடுநிலையில் உள்ள ஸ்பிரிங் அதைத் தானாகவே மூன்று-நான்கின் தளத்துக்குக் கொண்டுவரும். இறுகப் பிடிப்பவர்கள்தான் அந்த ஸ்பிரிங்கை எதிர்த்து வேறிடத்துக்குப் போகிறார்கள். தவறு நடந்துவிட்டதாக உணர்ந்த கணமே கிளட்சை மறுபடி அழுத்துவதும் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளுவதுமே செய்யத்தக்கவை. ஆனால் எஞ்சின் ஏறுவதற்கு ஒரு நொடிகூட ஆகாது என்பதால், இதை நம்பி அலட்சியமாக இருக்க முடியாது.

அப்படி ஒன்று நடந்தபின் கார் வழக்கம்போல ஓடுகிறது என்பது நலமாக இருப்பதற்குச் சான்றாகாது. வால்வு வளைந்திருந்தால் ஒரு சிலிண்டரின் அழுத்தம் குறைந்திருக்கும், எஞ்சின் ஆடும். அழுத்தச் சோதனையும் கசிவுச் சோதனையும் காட்டிக்கொடுக்கும். ராட் போல்ட் மீள முடியாத அளவுக்கு நீண்டிருந்தால் எந்த வெளிச் சோதனையும் காட்டாது. பல மாதம் கழித்து ஒரு நாள் அது விட்டுப்போகலாம். போர்ஷே கார்களின் எஞ்சின் கணினி, வரம்பு மீறிய சுழற்சிகளை வேகத்துக்கு ஏற்ப வெவ்வேறு படிகளாகப் பிரித்து, எஞ்சின் எத்தனையாவது மணிநேரத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது அது நடந்தது என்பதோடு பதிவுசெய்கிறது. பழைய கார் வாங்குபவர்கள் அந்தப் பதிவை எடுத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கீழ்ப்படிகளில் உள்ள பதிவு லிமிட்டரைத் தொட்டதைத்தான் குறிக்கும், அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மேல்படிகளை எரிபொருளால் எட்டவே முடியாது. அங்கே ஒரு பதிவு இருந்தால் யாரோ தவறான கியரைப் போட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் லிமிட்டரைத் தொடுவதே தவறா என்று கேட்டால், சூடான எஞ்சினில் எப்போதாவது தொடுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. மூன்றாம் கியருக்குப் போகும் வழியில் லீவர் சிக்கி நியூட்ரலில் நின்றுவிட, கால் ஆக்சிலரேட்டரிலேயே இருந்தால், சுமையே இல்லாத எஞ்சின் சீறிக்கொண்டு ஏறும். லிமிட்டர் உண்மையில் உயிர்காக்கும் இடம் அதுதான். நின்ற இடத்தில் நிமிடக்கணக்கில் லிமிட்டரில் வைத்துத் துடிக்கவிடுவது வேறு. வெட்டி வெட்டி விடப்படும் முறுக்குவிசை டைமிங் செயினையும் இரட்டை நிறை ஃப்ளைவீலையும் அலைக்கழிக்கும், காற்றோட்டமில்லாமல் வெப்பமும் சேரும். மென்பொருளை மாற்றி லிமிட்டரை 500 சுற்று உயர்த்தித் தருவதாகச் சொல்பவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அந்த 500 சுற்றில் எஞ்சினுக்குச் சக்தி இருக்கிறதா? பெரும்பாலான சாலை எஞ்சின்களில் உச்ச சக்தி சிவப்புக் கோட்டுக்கு முன்பே வந்துவிடுகிறது; அதற்கப்பால் சக்தி இறங்குமுகம். அடுத்த கியரில் கிடைக்கும் சக்தியைவிட இந்தக் கியரில் கிடைப்பது குறைந்துபோகும் புள்ளியில் மாற்றுவதே வேகமானது. வால்வு ஸ்பிரிங்கும் கேமும் மாறாமல் எண்ணை மட்டும் உயர்த்துவது, என் பார்வையில், பாதுகாப்பு இடைவெளியை விற்று ஓசையை வாங்குவது.

டீசல் கார்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எரிதல் மெதுவாக நடப்பதாலும், உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கப் பாகங்கள் கனமாக இருப்பதாலும், அவற்றின் வரம்பு பொதுவாக 4,500 முதல் 5,000 சுற்றுக்குள் அடங்கிவிடும். ஆகவே தவறான கியர் அங்கே இன்னும் குறைந்த சாலை வேகத்திலேயே ஆபத்தாகிறது. டீசலில் லிமிட்டர் பிற்காலச் சேர்க்கை அல்ல. காற்றை அடைத்துக் கட்டுப்படுத்தாமல் எரிபொருள் அளவைக் கொண்டே வேகத்தை ஆளும் எஞ்சின் என்பதால், கணினிக்கு முந்தைய காலத்திலேயே இன்ஜெக்ஷன் பம்புக்குள் சுழலும் எடைகளைக் கொண்ட கவர்னர் இருந்தது.

அந்தக் கவர்னரையும் இன்றைய கணினியையும் ஒருசேர ஏமாற்றும் பழுது ஒன்று டீசலில் உண்டு. டர்போவின் சீல் கெட்டு, எஞ்சின் எண்ணெய் காற்றுவழியில் கசிந்தால், எஞ்சின் அந்த எண்ணெயையே எரித்து ஓடத் தொடங்கும். இன்ஜெக்டர்கள் நின்றாலும், சாவியைத் திருப்பி அணைத்தாலும், வெண்புகையைக் கக்கிக்கொண்டு வேகம் ஏறிக்கொண்டே போகும்; காற்றுவழியை மூடும் தகடு உள்ள எஞ்சின்களில் சாவியை அணைப்பது உதவக்கூடும், இல்லாதவற்றில் உதவாது. இங்கே மேனுவல் கியர்பாக்ஸ் காப்பாற்றும் கருவியாக மாறுகிறது. காரை நிறுத்தி, கால் பிரேக்கை முழு வலுவோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மிக உயர்ந்த கியரில் போட்டு, கிளட்சைத் தயங்காமல் விட்டால், நின்றிருக்கும் சக்கரங்கள் அதே பற்சக்கரங்கள் வழியாக எஞ்சினை அமுக்கி அணைத்துவிடும். வேகம் உச்சத்துக்கு ஏறுவதற்கு முன்பே செய்தாக வேண்டும். தாமதித்தால் கிளட்ச் வழுக்கிக் கருகுமே தவிர எஞ்சின் நிற்காது. தானியங்கி கியர்பாக்ஸ் கொண்ட டீசலில் இந்த வழியே கிடையாது. காற்று நுழையும் வாயை அடைப்பது ஒன்றுதான் மிச்சம்.